சன்னலை மாற்றும் முன்: வெயில் எந்தப் பக்கம், ஏர்கோன் எந்த அறையில்?

பழைய தாமான் வீடுகளில் இருந்த நாக்கோ சன்னல்கள் ஒவ்வொன்றாகக் கழற்றப்பட்டு வருகின்றன. கிளிப் வளைந்துவிடுகிறது, கைப்பிடி இறுகிவிடுகிறது, நான்கு கண்ணாடிப் பட்டைகள் மூடினால் ஐந்தாவது மூடுவதில்லை. தீபாவளிக்கு வீட்டைச் சீர்செய்யும்போதோ போனஸ் பணம் கைக்கு வரும்போதோ, "எல்லா சன்னலையும் ஒரேயடியாக மாற்றிவிடலாம்" என்று குடும்பத்தில் பேச்சு வருகிறது. கடைக்குப் போனால் இரட்டைக் கண்ணாடி, கறுப்புக் கண்ணாடி, லோ-ஈ கண்ணாடி என்று அடுக்குகிறார்கள். கரண்டு பில் பாதியாகக் குறையும் என்றும் சொல்கிறார்கள்.

குறையுமா? சில வீடுகளில் ஓரளவு குறையும். பல வீடுகளில் செலவு மட்டும்தான் மிஞ்சும். சன்னல் எந்தத் திசையைப் பார்க்கிறது, அந்த அறையில் ஏர்கோன் ஓடுகிறதா காற்றாடி ஓடுகிறதா, ஓடுவது பகலிலா இரவிலா என்பதைப் பொறுத்துத்தான் விடை மாறும்.

குளிர் நாட்டுச் சரக்கு

இரட்டைக் கண்ணாடி சன்னல் பிறந்தது குளிர் நாடுகளில். வெளியே பூஜ்ய டிகிரி, உள்ளே 20 டிகிரி என்றால் வீட்டுக்குள் இருக்கும் சூடு கண்ணாடி வழியே ஓடிப்போகும். அதைத் தடுக்க இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே காற்று இடைவெளி விட்டு அடைத்தார்கள். மலேசியாவில் பிற்பகல் வெளியே 33 டிகிரி, ஏர்கோன் அறைக்குள் 24 டிகிரி. வித்தியாசம் வெறும் 9 டிகிரிதான். இங்கே தொல்லை தருவது வெளிக்காற்றின் சூட்டைவிட, கண்ணாடி வழியே நேராக உள்ளே விழும் வெயில்தான்.

இதைக் கணக்காகவே பார்க்கலாம். மேற்குப் பக்கம் பார்த்த ஒரு சன்னல், 1.8 சதுர மீட்டர் கண்ணாடி, அதாவது ஏறக்குறைய 4 அடிக்கு 5 அடி. சாதாரணத் தெளிவான ஒற்றைக் கண்ணாடி. மாலை நான்கு மணி வெயில் அந்தக் கண்ணாடி மேல் ஒரு சதுர மீட்டருக்கு 500 வாட் விழுவதாக வைத்துக்கொண்டால், சுமார் 765 வாட் வெப்பம் வெயிலாக உள்ளே வருகிறது. அதே நேரத்தில், உள்ளும் வெளியும் 9 டிகிரி வித்தியாசப்படுவதால் கண்ணாடி வழியே கடந்து வரும் வெப்பம் சுமார் 94 வாட் மட்டுமே. வெயில் எட்டு பங்கு, காற்றின் சூடு ஒரு பங்கு. ஒரு குதிரைசக்தி ஏர்கோன் அகற்றக்கூடிய வெப்பமே ஏறக்குறைய 2,600 வாட்தான். அதில் மூன்றில் ஒரு பங்கை இந்த ஒரு சன்னலே தின்றுவிடுகிறது.

இப்போது அந்த இடத்தில் சாதாரண இரட்டைக் கண்ணாடியைப் போட்டால் 94 வாட் பாதியாகக் குறையும். ஆனால் 765 வாட் சுமார் 630-க்குத்தான் இறங்கும். கண்ணாடி இரண்டானாலும் அது தெளிவான கண்ணாடிதானே, வெயிலில் ஏறக்குறைய 70 விழுக்காட்டை உள்ளே விட்டுவிடும். அதே பழைய சன்னலுக்கு வெளியே ஒரு மூங்கில் தட்டியைத் தொங்கவிட்டு, அது வெயிலில் மூன்றில் இரண்டு பங்கைத் தடுத்தால், 765 வாட் 255 வாட்டாகிவிடும். விலை வித்தியாசத்தைச் சொல்லவே வேண்டியதில்லை.

தட்டி வெளியே தொங்க வேண்டும் என்பது முக்கியம். வீட்டுக்குள் போடும் திரைச்சீலை வெயில் கண்ணாடியைக் கடந்து வந்த பிறகுதான் தடுக்கிறது. அப்போது சூடாவது திரை. அந்தச் சூடு அறைக்குள்ளேயே தங்கிவிடுகிறது.

கண்ணாடியில் கேட்க வேண்டிய எண்

ஏர்கோன், குளிர்சாதனப் பெட்டி போன்றவற்றில் எரிசக்தி ஆணையத்தின் நட்சத்திர முத்திரை ஒட்டியிருக்கும். சன்னலுக்கு அப்படி முத்திரை கிடையாது. ஆகவே வாங்குபவர்தான் கேட்க வேண்டும். கேட்க வேண்டிய முதல் எண் எஸ்.எச்.ஜி.சி. கண்ணாடி மேல் விழும் வெயில் வெப்பத்தில் எத்தனை பங்கு உள்ளே வருகிறது என்பதை அது சொல்லும். தெளிவான 3 மில்லிமீட்டர் கண்ணாடிக்கு இது 0.86 அளவில் இருக்கும். 6 மில்லிமீட்டர் நிறக் கண்ணாடிக்கு 0.6 அளவு. வெப்ப நாட்டுக்கென்று செய்த லோ-ஈ இரட்டைக் கண்ணாடியில் 0.4-க்கும் கீழே இறங்கும். எண் குறையக் குறைய நமக்கு நல்லது.

இரண்டாவது எண் வி.எல்.டி. எவ்வளவு வெளிச்சம் உள்ளே வருகிறது என்பதைக் காட்டுவது இது. இதை மறந்துவிட்டால், வெயிலைத் தடுத்துவிட்டுப் பகலிலேயே விளக்குப் போட்டு உட்கார வேண்டியிருக்கும். மூன்றாவதாக வரும் யூ மதிப்பைத்தான் விற்பனையாளர்கள் அதிகம் பேசுவார்கள். மேலே சொன்ன 94 வாட் கணக்குக்கு உரியது அது. நம் வீடுகளுக்குக் கடைசியாகப் பார்த்தால் போதும்.

கறுப்பாக இருந்தால் குளிர்ச்சி என்ற நம்பிக்கை பலரிடம் இருக்கிறது. கார்க் கண்ணாடியைப் பார்த்து வந்த பழக்கமாக இருக்கலாம். நிறக் கண்ணாடி வெயிலை உறிஞ்சித் தானே சூடாகிறது. உறிஞ்சிய சூட்டில் ஒரு பகுதியை அறைக்குள் வீசுகிறது. மாலையில் தொட்டுப் பார்த்தால் கை சுடும். லோ-ஈ என்பது கண்ணுக்குத் தெரியாத மெல்லிய உலோகப் பூச்சு. வெளிச்சத்தை விட்டுவிட்டு வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் வேலையை அதுதான் நன்றாகச் செய்கிறது. அதிலும் ஒரு கண்ணி உண்டு. குளிர் நாட்டுக்கான லோ-ஈ வெயிலை உள்ளே விட்டு, வீட்டுச் சூட்டைக் காப்பதற்காகச் செய்தது. அது இங்கே வேண்டாம். "லோ-ஈ" என்ற சொல்லை மட்டும் நம்பாமல், எஸ்.எச்.ஜி.சி. எண்ணை எழுத்தில் கேட்பது இதனால்தான். இரட்டைக் கண்ணாடி என்றால் பூச்சு வெளிக்கண்ணாடியின் உட்புறத்தில், இடைவெளியைப் பார்த்து இருக்க வேண்டும்.

இருக்கும் கண்ணாடியிலேயே வெயில் தடுப்புப் பிலிம் ஒட்டுவது நடுவழி. நல்ல பிலிமுக்கும் எஸ்.எச்.ஜி.சி. எண் உண்டு. இரட்டைக் கண்ணாடியில் ஒட்டுவதாக இருந்தால் முதலில் கண்ணாடி நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ள வேண்டும். சூடு ஒரே பக்கம் தேங்கிக் கண்ணாடி விரிசல் விடக்கூடும்.

இரவில் மட்டும் ஏர்கோன் ஓடும் வீடு

பெரும்பாலான குடும்பங்களில் பகலில் எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விடுகிறார்கள். ஏர்கோன் இரவு பத்து மணிக்குப் போட்டுக் காலை ஆறு மணிக்கு அடைப்பது. அந்த நேரத்தில் வெயிலே இல்லை. வெளியே 25, 26 டிகிரி, உள்ளே 24. கண்ணாடி ஒன்றானால் என்ன, இரண்டானால் என்ன? கடந்து வரும் வெப்பம் சொற்பம்.

அங்கே காசைத் தின்பவை வேறு இரண்டு. ஒன்று, பகல் முழுக்க வெயில் பட்டுச் சூடேறிய செங்கல் சுவரும் கூரையும். மற்றொன்று, சன்னல் இடுக்கு வழியே ஓயாமல் உள்ளே வரும் ஈரக்காற்று. ஏர்கோன் சூட்டை மட்டும் எடுப்பதில்லை, காற்றில் உள்ள ஈரத்தையும் தண்ணீராக்கி வெளியேற்றுகிறது. ஈரக்காற்று வந்துகொண்டே இருந்தால் அது ஓயவே முடியாது. நாக்கோ சன்னல் எவ்வளவு இறுக்கி மூடினாலும் பட்டைக்குப் பட்டை இடைவெளி இருக்கும். இரவு அறையை மூடி, காற்றாடியை நிறுத்திவிட்டு, ஊதுபத்தி ஒன்றை ஏற்றிச் சன்னல் ஓரமாக மெதுவாக நகர்த்திப் பார்த்தால் போதும். புகை எங்கே சட்டென்று வளைகிறதோ அங்கே காற்று கசிகிறது.

படுக்கையறை நாக்கோவை மாற்றுவதற்கு உண்மையான காரணம் இந்தக் கசிவுதான். அதற்கு நன்றாக இறுகி மூடும், ரப்பர் பட்டை ஓடும் சன்னல் வேண்டும்; ஒற்றைக் கண்ணாடியே போதும். புகைமூட்டக் காலத்திலும் இது கைகொடுக்கும். ஆஸ்துமா உள்ள பிள்ளை இருக்கும் வீட்டில் கரண்டு பில்லைவிட இதுவே பெரிய லாபம்.

பணக் கணக்கையும் பார்த்துவிடலாம். அதே மேற்குச் சன்னல், பகலிலும் ஏர்கோன் ஓடும் அறை. தினமும் நல்ல வெயில், பிற்பகல் இரண்டு முதல் ஏழு மணி வரை என்று கொண்டால் ஏறக்குறைய 2.7 கிலோவாட் மணி வெப்பம் உள்ளே வரும். அதை அகற்ற ஏர்கோனுக்குச் சுமார் 0.9 யூனிட் மின்சாரம் தேவை. ஒரு யூனிட் 50 காசு என்று வைத்தால் நாளுக்கு 45 காசு, மாதம் 13 வெள்ளி 50 காசு. சாதாரண இரட்டைக் கண்ணாடி இதையும் மற்ற வெப்பத்தையும் சேர்த்து மிச்சப்படுத்துவது மாதம் நாலைந்து வெள்ளி. அதற்காக ஒரு சன்னலுக்கு 1,000 வெள்ளி கூடுதலாகக் கேட்டால் போட்ட காசு திரும்ப 18 ஆண்டுகளாகும். மழை நாள்களைக் கழித்தால் இன்னும் நீளும். இரைச்சல்மிக்க நெடுஞ்சாலை ஓரத்து வீடு என்றால் சத்தம் குறைவதற்காக இரட்டைக் கண்ணாடியோ லேமினேட் கண்ணாடியோ போடலாம். அது வேறு நியாயம். பில் குறையும் என்று மட்டும் நம்பிப் போட வேண்டாம்.

மாறாக, பகலில் வீட்டிலேயே இருக்கும் வயதானவர்கள், கைக்குழந்தை, வீட்டிலிருந்து வேலை செய்பவர் என்று யாராவது மேற்கு அறையில் இருந்தால் கதை மாறும். தொடர்ந்து மூன்று நாள்களுக்கு அதிகபட்ச வெப்பநிலை 35 முதல் 37 டிகிரி வரை போனால் வானிலை ஆய்வுத் துறை முதல் நிலை வெப்ப எச்சரிக்கை விடுகிறது. அப்படிப்பட்ட நாள்களில் வெயில் விழும் அறையில் பாட்டியைப் படுக்க வைப்பது நல்லதல்ல. அந்த ஓர் அறைக்கு மட்டும் வெளித்தட்டியும் நல்ல கண்ணாடியும் போடுவது வீண் செலவாகாது.

கூடத்துக்கும் அடுப்படிக்கும் நாக்கோ மோசமில்லை

காற்றாடி மட்டும் ஓடும் கூடத்தில் தேவை இறுக்கமல்ல, காற்றோட்டம். நாக்கோவின் பட்டைகளைத் திறந்தால் சன்னலின் ஏறக்குறைய முழுப் பரப்பும் காற்றுக்குக் கிடைக்கிறது. சாரல் மழையிலும் பாதி சாய்த்து வைக்கலாம். ஸ்லைடிங் சன்னலில் ஒரு பலகை இன்னொன்றின் பின்னால்தான் ஒளிந்துகொள்ளும். எப்படித் திறந்தாலும் பாதிதான் திறக்கும். கீல் வைத்துக் கதவுபோல் திறக்கும் சன்னல் முழுதாகத் திறக்கும், மூடினால் இறுக்கமாகவும் இருக்கும். ஆனால் வெளியே திறப்பதால் வெளிப்பக்கம் கிரில் போட முடியாது. கிரில் உள்பக்கம் வர வேண்டும்.

1984-ஆம் ஆண்டு சீரான கட்டட துணைச் சட்டங்களின்படி, ஓர் அறையின் தரைப் பரப்பில் குறைந்தது 10 விழுக்காடு சன்னல் இருக்க வேண்டும். காற்று தடையின்றிப் போய்வரும் திறப்பு 5 விழுக்காடு இருக்க வேண்டும். 10 அடிக்கு 12 அடி அறைக்குச் சன்னல் 12 சதுர அடி, திறப்பு 6 சதுர அடி. அங்கே 12 சதுர அடி நாக்கோவைக் கழற்றிவிட்டு அதே அளவில் இரு பலகை ஸ்லைடிங் போட்டால் திறப்பு சரியாக 6 சதுர அடிக்கு வந்து நிற்கிறது. அதன்மேல் கொசு வலையும் சேர்ந்தால் காற்று இன்னும் குறையும். "புது சன்னல் போட்ட பிறகுதான் வீடு வேகுது" என்ற புலம்பலுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். காற்றில்லை என்று கூடத்துக்கும் ஒரு ஏர்கோன் வாங்கும் வீடுகளில் பில் குறையாது, ஏறும்.

வரிசை வீடுகளில் நடுவீட்டுக்கு முன்னும் பின்னும்தான் சன்னல். முன்பக்கம் வரும் காற்று பின்பக்கம் வெளியேற வழி இருந்தால்தான் ஓடும். அடுப்படியைப் பின்னால் நீட்டிக் கட்டும்போது அந்த வழியை அடைத்துவிடுகிறோம். அப்படிப்பட்ட வீட்டில் முன் சன்னலுக்கு எவ்வளவு செலவழித்தாலும் காற்று வராது.

திசையை எப்படிப் பார்ப்பது

தீபகற்ப மலேசியாவில் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கல்ல, 1.15 மணி அளவில். பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் அப்போது அது ஏறக்குறைய தலைக்கு மேலே நிற்கும். சுவரைவிடக் கூரையைத்தான் சுடும். நான்கரை மணிக்குச் சூரியன் சாய்ந்து மேற்குச் சன்னலுக்குள் நேராகப் பார்க்கத் தொடங்கும். 2 அடி நீட்டிய கூரைச் சாய்ப்பு அந்த நேரத்தில் சன்னலின் மேல் பகுதியில் ஒன்றே முக்கால் அடியைத்தான் மறைக்கும். ஐந்தரைக்கு ஓரடிதான் மறைவு. ஆகவே மேற்குக்குச் சாய்ப்பு மட்டும் போதாது. தொங்கும் தட்டியோ, செங்குத்துப் பலகையோ, தள்ளி நட்ட மரமோ வேண்டும். கிழக்குச் சன்னலுக்கும் காலையில் இதே நிலைதான். ஆனால் இரவில் சுவர் குளிர்ந்திருப்பதால் அவ்வளவு உறைக்காது. வடக்கு, தெற்குச் சன்னல்களில் வெயில் உயரத்திலிருந்தே விழுவதால் சிறிய சாய்ப்பே அதில் பெரும்பகுதியை மறைத்துவிடும்.

எதையும் வாங்கும் முன் ஒரு வாரம் சோதித்துப் பார்க்கலாம். மேற்குச் சன்னலுக்கு வெளியே பழைய போர்வையையோ தட்டியையோ கட்டிவிட்டு, இரவு ஏர்கோன் போட்டால் அறை எவ்வளவு சீக்கிரம் குளிர்கிறது என்று பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் வெயில்தான் எதிரி. தெரியாவிட்டால் கூரையைப் பாருங்கள். மாடி அறைகளில் பல நேரம் உண்மையான குற்றவாளி கூரைதான். சன்னலுக்கு ஒதுக்கிய காசைக் கூரையடி வெப்பத் தடுப்புக்குப் போடுவதே பயன் தரும்.

தோட்டத்திலும் அடுக்குமாடியிலும்

தோட்ட வீடு நிர்வாகத்துக்குச் சொந்தம். அதன் தரத்துக்கு 1990-ஆம் ஆண்டு தொழிலாளர் வீடமைப்பு குறைந்தபட்சத் தர, வசதிச் சட்டம், அதாவது சட்டம் 446 உண்டு. உடைந்த சன்னலைச் சரிசெய்யும்படி முதலில் நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்க வேண்டும். சொந்தக் காசைப் போட்டு மாற்றுவதாக இருந்தாலும் அனுமதி வாங்கிக்கொள்ள வேண்டும். வேலை முடிந்து வீட்டைக் காலி செய்யும்போது கையோடு கொண்டுபோக முடியாத எதிலும் அதிகம் முதலிட வேண்டாம். தட்டியைக் கழற்றிக்கொண்டு போகலாம். பழைய பலகைச் சன்னல் உள்ள வீட்டில் வெயில் பக்கத்துப் பலகையைச் சாத்தி, எதிர்ப்பக்கத்தைத் திறந்து வைப்பது எந்தக் கண்ணாடியையும் விட நன்றாக வெயிலைத் தடுக்கும். சிங்க் கூரைதான் அங்கே பெரிய சூடு.

அடுக்குமாடியில் கட்டடத்தின் வெளித்தோற்றத்தை மாற்றும் வேலைக்கு நிர்வாகக் குழுவின் ஒப்புதல் தேவை. வெளியே தட்டி தொங்கவிடுவதும் அதில் அடங்கலாம். சிங்கப்பூரில் சன்னல் பொருத்துபவர் கட்டட, கட்டுமான ஆணையத்தின் அங்கீகாரம் பெற்றவராக இருக்க வேண்டும். கீல் சன்னல்களில் அலுமினிய ரிவெட்டுக்குப் பதிலாகத் துருப்பிடிக்காத எஃகு ரிவெட் இருக்க வேண்டும் என்பது 2004 முதல் அங்கே கட்டாயம்.

மாடி வீட்டில் பிள்ளைகள் இருந்தால் சன்னலுக்குக் கீழே கட்டிலோ அலமாரியோ போட வேண்டாம். கிரிலைப் பற்றி ஒரு சொல். திருடனுக்குப் பயந்து எல்லாச் சன்னலிலும் நிலையான கிரிலைப் பற்றவைத்துவிடுகிறார்கள். தீப்பிடித்தால் வெளியே வர வழியில்லை. சன்னலை மாற்றும் வேளைதான் இதைத் திருத்த வசதியான வேளை. ஒவ்வொரு படுக்கையறையிலும் ஒரு கிரிலாவது திறக்கும்படி செய்து, சாவியை உள்ளே எல்லாருக்கும் தெரிந்த இடத்தில், வெளியிலிருந்து கைக்கு எட்டாதபடி மாட்டி வைக்க வேண்டும்.

விலைச் சீட்டு

வாய்ப்பேச்சாக வாங்கும் விலை ஆபத்து. சீட்டில் கண்ணாடியின் தடிப்பு, அது சாதாரணமா டெம்பர்டா லேமினேட்டா, எஸ்.எச்.ஜி.சி. எண், அலுமினியச் சட்டத்தின் தடிப்பு, ரப்பர் பட்டை, கீல், பூட்டு, பழையதைக் கழற்றி எடுத்துப் போகும் செலவு, உத்தரவாதக் காலம் எல்லாம் எழுதியிருக்க வேண்டும். டெம்பர்ட் கண்ணாடியைச் செய்த பிறகு வெட்ட முடியாது. அளவு தவறினால் புதிதாகத்தான் செய்ய வேண்டும். அந்தச் செலவு யாருடையது என்பதையும் எழுதி வாங்குவது நல்லது. கடலோர ஊர்களில் உப்புக்காற்று திருகாணிகளைத் தின்றுவிடும் என்பதால் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணி கேட்க வேண்டும். மரச்சட்டம் என்றால் கரையான் மருந்து.

முழுப் பணத்தையும் முன்பணமாகக் கொடுக்க வேண்டாம். கடைசித் தவணையை, பொருத்தி முடித்துத் தண்ணீர்க் குழாயால் வெளியிலிருந்து பீய்ச்சிப் பார்த்த பிறகு கொடுக்கலாம். சட்டத்துக்கும் சுவருக்கும் இடையில் நீர் கசியக்கூடாது. சன்னலடித் திண்டு வெளிப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். ஸ்லைடிங் தடத்தின் அடியில் நீர் வடியச் சிறு துளைகள் இருக்கும். சிமெண்டு பூசும்போது அவை அடைபட்டுவிட்டனவா என்று அன்றே பார்க்க வேண்டும். பிறகு எறும்பு மண் சேர்ந்து அடைக்கும். மாதம் ஒருமுறை குச்சியால் குத்திவிட்டால் சரியாகிவிடும்.

முன்பணம் வாங்கிக்கொண்டு ஆள் வரவில்லை, அல்லது சொன்ன கண்ணாடிக்குப் பதில் வேறு கண்ணாடி வந்தது என்றால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. பதிவுக் கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை. விலைச் சீட்டு, ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், பொருத்திய வேலையின் படங்கள் ஆகியவற்றைக் கையில் வைத்திருக்க வேண்டும்.